சூடான பக்கங்களின் பாதுகாவலர்கள்

உலகத்தில் புத்தகங்களை எரித்தவர்கள் இருக்கிறார்கள். தடை செய்தவர்கள் இருக்கிறார்கள். பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாவலின் சூட்டையெல்லாம் தாமே தாங்கிக்கொண்டு, அடுத்த வாசகருக்கு ஆறிய புத்தகத்தைக் கொடுத்த தியாகிகள் பதுளையைத் தவிர வேறெங்கும் தோன்றியதில்லை. அந்தத் தியாகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் பதுளை வாசகர் வட்டத்தின் செயலாளர் றஷீதாவுக்குக் கிடைத்தது.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் விஜயலெட்சுமி என்ற ஆசிரியை ஒரு நாவல் எழுதினார். பெயர் ‘பீலிக்கரையில் இருவர்’. பீலி என்பது தோட்டத்தில் மலைநீர் வந்து கொட்டும் குழாய். குளிப்பது, துவைப்பது, ஊர்க்கதை பேசுவது, சண்டை பிடிப்பது எல்லாம் அங்கேதான். அந்தப் பீலிக்கரையில் கொழுந்து பறிக்கும் செவனம்மாவும் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் தங்கராசும் சந்திக்கிறார்கள், காதலிக்கிறார்கள். பிறகு நடப்பதை ஆசிரியை மூடி மறைக்காமல் எழுதிவிட்டார். அச்சகக்காரரும் தம் பங்குக்குப் பின்னட்டையில் ‘உணர்ச்சி ஆழம் மிக்க சூடான காதல் நாவல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

அச்சடித்த பிரதிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஆனால் வாங்கியவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை. இது எப்படி நடந்தது என்பதைப் பொருளியல் படித்தவர்கள்தான் ஆராய வேண்டும்.

அதன் பிறகு கல்வி அலுவலகம் ஒன்றுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. ‘இப்படிப்பட்ட நூலை எழுதியவர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா?’ என்று அதில் கேட்டிருந்தது. ஆசிரியை மீது ஃபைல் திறந்தாயிற்று. ஃபைல் என்பது தானாக நகராத ஒரு வண்டி. அது நகர வேண்டுமென்றால் அதற்குள் யாராவது ஒரு ‘கருத்து’ எழுத வேண்டும். கருத்து எழுத வேண்டுமென்றால் நாவலை வாசிக்க வேண்டும். வாசித்தால் வாசித்தவர் என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயரை வாங்க அலுவலகத்தில் யாரும் முன்வரவில்லை. ஆகவே, இலக்கியத்தில் ‘நீண்டகால அனுபவம்’ உள்ள வாசகர் வட்டத்துக்கு ஃபைலிலிருந்த பிரதியையே அனுப்பி, மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்டார்கள். நாவலின் சூடு எவ்வளவு? உணர்ச்சி ஆழம் எவ்வளவு? ஆட்சேபணைக்குரிய இடங்கள் எவை? கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பக்க எண் வேண்டும்.

கடிதம் வந்த அன்றே விஜயலெட்சுமி றஷீதாவுடன் தொலைபேசியில் பேசினார்.

“மிஸ், ஒங்க வட்டம் என்ன சொல்லுதோ அதுதானாங்க முடிவு. சரியில்லன்னு சொல்லிட்டா என்னைய மொனராகலைக்கு அங்கிட்டு எங்கயாச்சும் தூக்கிப் போட்டுருவாங்க. நம்ம ஓ.எல். பரீட்ச எழுதுற பிள்ளைங்களுக்கு இன்னும் பாடமே முடியலங்க. வேற டீச்சரும் இல்ல.”

“நான் இன்னும் வாசிக்கவே இல்ல டீச்சர்,” என்றார் றஷீதா.

“வாசிங்க மிஸ். முழுசா வாசிச்சிட்டு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. முழுசா வாசிச்ச ஒருத்தரைக்கூட நான் இன்னும் பாக்கலங்க. எல்லாரும் ‘அந்த எடம்’, ‘அந்த எடம்’னுதான் பேசுறாங்க. பேசிட்டு, இது ஒங்க சொந்த அனுபவமான்னு கேக்குறாங்க. போன கதையில சிறுத்தை வந்துச்சு. அதுக்கு யாரும் நீ சிறுத்தையான்னு கேக்கலங்களே!”

வட்டத்தின் அவசரக் கூட்டம், தலைவர் மர்ஸூக் முதலாளியின் புடவைக் கடை மேல்மாடியில் நடந்தது. வட்டம் என்று பெயரே தவிர, இயங்கும் உறுப்பினர்கள் நான்கு பேர். தலைவர் ஒருவர். ஓய்வுபெற்ற அதிபர் நல்லையா ஒருவர். மருந்துக் கடை வைத்திருக்கும் கவிஞர் ஸாஹிர் ஒருவர். நான்காவது றஷீதா. மற்ற மூவரும் பேசுவதை எழுதுவது அவர் பொறுப்பு.

சூட்டை எப்படி அளப்பது என்ற சிக்கல் முதலில் வந்தது.

“காய்ச்சலுக்குத் தெர்மோமீட்டர் இருக்கு, பாலுக்கு லெக்டோமீட்டர் இருக்கு,” என்றார் நல்லையா. “நாவலுக்கு என்னங்க இருக்கு? விஞ்ஞானபூர்வமா ஒண்ணு வேணும்.”

“கொச்சிக்கா வைப்பம் சேர்,” என்று மிளகாயைச் சொன்னார் ஸாஹிர். “அஞ்சு கொச்சிக்காவுக்கு எத்தனை எண்டு.”

“பச்சையா, காஞ்சதா?” என்று கேட்டார் மர்ஸூக் முதலாளி. வியாபாரி அல்லவா, தரம் பிரித்துத்தான் பேசுவார்.

“பச்சை.”

“அப்ப ஆழத்துக்கு?”

“வெங்காயம். கண்ணில தண்ணி வரோணும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சூட்டுக்குக் கொச்சிக்காய், ஆழத்துக்கு வெங்காயம். உலகத்து விமர்சகர்கள் ஆயிரம் பக்கம் எழுதியும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலை, பதுளை ஒரு கறிக்கு வேண்டிய சாமான்களைக் கொண்டே தீர்த்துவிட்டது.

அடுத்தது வாசிக்கும் வரிசை. கையில் இருப்பது ஒரே பிரதி.

“சூடான சாமான்,” என்றார் மர்ஸூக் முதலாளி. “பெரிய ஆக்கள்தான் முதல்ல தொட்டுப் பார்க்கோணும். நான் முதல்ல, பிறகு நல்லையா சேர், பிறகு ஸாஹிர் தம்பி. றஷீதா தங்கச்சி கடைசியா வாசிக்கட்டும். பொம்புளப் புள்ள பாவம்.”

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளைப் பெற்ற அந்தப் பொம்புளப் புள்ள, அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

வாசகர் கருத்துகள் வட்டத்தின் வட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தியாக வந்தன. எழுதினால் நிற்கும், பேசினால் போய்விடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவருடைய செய்திதான் முதலாவது.

“சீச்சீ! என்ன எழுத்து இது? ஃபெக்டரி மேல்மாடியில, கொழுந்து வாட்டுற எடத்தில... நான் சொல்ல மாட்டன். ஒருக்கா வாசிச்சன், பிழை. சரி, நம்ம கண்ணில ஏதும் கோளாறோ எண்டு திரும்பவும் வாசிச்சன், அப்பவும் பிழை. எதுக்கும் இன்னொருக்கா பார்க்கோணும். அஞ்சு கொச்சிக்கா! வெங்காயம் ரெண்டு. ஆனா ஒண்டு சொல்லோணும், பொடியன் நல்ல பொடியன்.”

அடுத்த வாரம் நல்லையாவின் செய்தி வந்தது.

“தலைவர் சொன்ன மேல்மாடி சமாச்சாரம் எதுவும் என் கண்ணுல படலங்க. ஆனா அதவிட மோசமான ஒரு எடம் இருக்கு. பஸ்ஸுல, பகல்ல, பயணிகள் முன்னால அந்தப் பையன் அந்தப் புள்ள கையப் புடிக்கிறான். லுணுகலையில புடிச்சவன் பதுளை ஸ்டேண்டுலதான் விடுறான். அஞ்சு கொச்சிக்காய்ங்க, அஞ்சு! பொதுப் போக்குவரத்துலயே இப்படின்னா நாடு எங்க போகுது?”

மூன்றாவதாக ஸாஹிர்.

“சேர் சொன்ன பஸ்ஸை நான் காணல்ல. ஆனா மழை ஒண்டு ஈக்கு. அந்த மழையில அவள் அவனைப் பார்க்கிறாள். வெறும் பார்வைதான். ஆனா கவிஞன் எண்ட முறையில சொல்றன், அந்தப் பார்வைக்கு அஞ்சு கொச்சிக்காவும் காணாது. வெங்காயம் அஞ்சு. என்ட மருந்துக் கடையில ஈக்கிற கண் மருந்தெல்லாம் எனக்கே முடிஞ்சிட்டு.”

றஷீதாவுக்கு விளங்கவில்லை. மூன்று பேர், ஒரே புத்தகம், மூவருக்கும் ஐந்து கொச்சிக்காய். ஆனால் ஒருவர் கண்ட இடத்தை அடுத்தவர் காணவில்லை. இது என்ன புத்தகமா, பண்டாரவளைப் பனிமூட்டமா?

புத்தகம் கைக்கு வந்தபோது விளங்கியது. ஸாஹிர் அதைத் தினசரித்தாளில் சுற்றி, மருந்துப் பையில் போட்டு, வீட்டு வாசலில் வைத்து நீட்டினார்.

“தாத்தா, பயமில்லாம வாசிங்க,” என்றார். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். “இப்ப எல்லாம் சுத்தம்.”

“சுத்தமெண்டா?”

“சுத்தமெண்டா சுத்தம்தான் தாத்தா,” என்று மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தால், அட்டை பெரியவர் சட்டை போலவும் உள்ளே இருந்த தாள்கள் அதைப் போட்டுக்கொண்ட சின்னப் பிள்ளை போலவும் இருந்தன.

இங்கே புத்தகம் கட்டும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஓர் அழகான வேலை. முன்பெல்லாம் தாள்களை மடித்து, மடிப்பில் நூல் கோத்துத் தைப்பார்கள். ஒரு தாளைப் பிடுங்கினால் அதன் சோடித் தாளும் ஆடும், ஆட்டத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது அப்படியில்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதுகைச் சுரண்டி, சூடான பசை தடவி அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பசையோரமாகப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒரு தாள் தனியாக வந்துவிடும். பக்கத்துத் தாளுக்குக்கூடத் தெரியாது. அறிவியல் வளர்ச்சி ஒழுக்கத்துக்குச் செய்த பேருதவி இது.

நடந்தது இதுதான். மர்ஸூக் முதலாளி, தமக்குப் பின்னால் வாசிக்கப்போகும் நல்லையாவின் மனம் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில், மிகச் சூடான தாள்களைக் கழற்றிப் ‘பாதுகாப்பாக’ வைத்துக்கொண்டார். நல்லையாவுக்குக் கிடைத்த புத்தகத்தில் மிஞ்சியவற்றுள் மிகச் சூடானது பஸ்ஸில் கை பிடிப்பது. ஸாஹிரின் இளமையை நினைத்து அவர் அதைக் கழற்றினார். ஸாஹிருக்கு மிஞ்சியது மழையும் பார்வையும். அவர் றஷீதாத் தாத்தாவை நினைத்து அவற்றைக் கழற்றியதோடு, அழுகை வரும் தாள்களையும் கழற்றினார். ஆழமான இடத்தில் பெண்கள் விழுந்துவிடுவார்களாம்.

கொச்சிக்காயை எடுத்துவிட்ட கறியில் மிளகு உறைக்கும். மிளகையும் எடுத்தால் இஞ்சி உறைக்கும். இஞ்சியையும் எடுத்துவிட்டால் நாக்கு சோற்றையே சந்தேகப்படத் தொடங்கும். ஒழுக்கம் வளர வளர உறைப்பும் வளர்வதன் இரகசியம் இதுதான்.

இதில் இன்னொரு தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். சூடான பக்கத்தைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும் அப்பாவிப் பக்கமும் கூடவே போய்விடும். செவனம்மாவின் அப்பா எண்பத்தெட்டாம் பக்கத்தில் திடகாத்திரமாக நின்று விறகு பிளக்கிறார். அடுத்து வருவது தொண்ணூற்றொன்றாம் பக்கம். அங்கே அவருக்குக் கருமாதி நடக்கிறது. முன்பக்கத்தில் மகள் முத்தம் வாங்கியபோது பின்பக்கத்தில் அப்பா உயிரை விட்டிருக்கிறார். முத்தத்தை முதலாளி காப்பாற்றினார், மாரடைப்பும் அதோடு போய்விட்டது. நூற்றிருபதாம் பக்கத்தில் திருமணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். நூற்றிருபத்துமூன்றில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். யாரும் யாரையும் தொடாமல், பார்க்காமல், ஒரு மழைகூடப் பெய்யாமல் ஒரு பிள்ளை பிறந்த நாவல் தமிழில் இதுவாகத்தான் இருக்கும்.

றஷீதா சமையலறை மேசையில் இருந்து, மிஞ்சியதை மத்தியானத்துக்குள் வாசித்துவிட்டார். வாசிக்கும்போதே ஒரு தாளில் நின்றார். நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கம்.

செவனம்மா மழையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிறாள். காலெல்லாம் அட்டைக் கடி. அதற்கு முன்பே வந்துவிட்ட தங்கராசு வெந்நீர் வைத்திருக்கிறான். ‘கால் வலிக்குதா?’ என்று கேட்கிறான். கேட்டுவிட்டுப் போகவில்லை, பதிலுக்காக நிற்கிறான். உப்புப் போட்ட வெந்நீரில் அவள் காலை வைத்து, ஒவ்வொரு கடியாகக் கழுவுகிறான். அவள் மலையில் நடந்த சண்டையை, கங்காணி சொன்னதை, தன் கூடையை எவளோ மாற்றி எடுத்ததை எல்லாம் சொல்கிறாள். அவன் கேட்கிறான். ‘அவள் சொல்லி முடிக்கும் வரை அவன் போனைப் பார்க்கவில்லை’ என்று பக்கம் முடிகிறது.

றஷீதாவுக்குக் காது சூடானது. எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தார். திரும்பவும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மூவருடைய கையிலும் இருந்த புத்தகம், ஆனால் இந்தத் தாளை எவரும் தொடவில்லை. ஒரு முனைகூட மடியவில்லை.

அந்நேரம் கணவர் றினாஸ் பஸார் வீதியிலுள்ள தம் மின்சாதனக் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன், இரண்டு கண்ணும் போனில்.

“சோறு?” என்றார்.

“ஈக்கு.”

“கறி?”

“ஈக்கு. இண்டைக்கு எனக்கு முதுகு கொஞ்சம்...”

“ம்ம், நல்லம்,” என்றார் றினாஸ், போனைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுக்கும் கூட்டம். மேல்மாடியில் புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் நான்கு கதிரைகள். நல்லையா கருத்தை ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“‘இந்நூல் சமூகத்தின் அத்திவாரத்தையே ஆட்டக்கூடியது. இதனை எழுதியவர் ஆசிரியப் பணிக்குத் தகுதியற்றவர்.’ இவ்வளவுதாங்க. கையெழுத்தப் போட்டுட்டு டீ குடிக்கலாம்.”

றஷீதாவுக்கு லுணுகலையின் ஓ.எல். பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

“மூணாவது கேள்விக்குப் பக்க எண் வேணும் சேர்,” என்றார். “இல்லாட்டி ஃபைல் திரும்பி வரும்.”

“எழுதுங்க தங்கச்சி. நூற்றிப் பதினொண்டு,” என்றார் மர்ஸூக் முதலாளி. கண்ணை மூடிக்கொண்டார். “மேலயிருந்து நாலாவது வரி. அதில ஒரு சொல் வரும் பாருங்க...”

றஷீதா புத்தகத்தைத் திருப்பினார். “நூற்றிப் பத்துக்குப் பிறகு நூற்றிப் பதின்மூணு வருது முதலாளி.”

முதலாளியின் வலக்கை தானாக எழுந்து, சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. நெரிசலான பஸ்ஸில் பேர்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பவரின் கை அப்படித்தான் எழும்பும்.

“அச்சகத்தில விட்டிருப்பானுகள்,” என்றார்.

“சேர், உங்கட?”

“அறுபத்தேழுங்க. கையப் புடிக்கிறது.”

“அறுபத்தாறு, பிறகு அறுபத்தொன்பது.”

நல்லையா மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“ஸாஹிர்?”

“நூற்றி ஆறு தாத்தா. மழை.”

“நூற்றி நாலு, பிறகு நூற்றி ஏழு.”

ஸாஹிர் தம் போனின் உறையைத் தடவினார். போன் வழக்கத்தைவிடத் தடிப்பாகத்தான் இருந்தது.

மர்ஸூக் முதலாளி திடீரென்று நல்லையாவின் பக்கம் திரும்பினார். “அதென்ன சேர், கையப் பிடிக்கிறதுக்கு அஞ்சு கொச்சிக்கா? நானும் வாசிச்சன்தானே. அதில ஒண்டும் இல்லையே!”

“நீங்க முதல்ல வாசிச்சீங்க! எனக்கு மிஞ்சினது அதுதானுங்களே!” என்றார் நல்லையா. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரிந்தது. கண்ணாடிக் கூட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. மூவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள்.

முதலாளிதான் முதலில் சுதாரித்தார். “தாள் இல்லாட்டி என்ன? எழுதினது எழுதினதுதானே. பக்க எண் போடாம, பொதுவா ‘நூல் பிழை’ எண்டு எழுதி அனுப்புவம்.”

இரண்டு தலைகள் ஆடின. விஜயலெட்சுமியின் பெட்டி படுக்கை மொனராகலை பஸ்ஸில் பாதி ஏறியாயிற்று.

“அனுப்பலாம் முதலாளி,” என்றார் றஷீதா. “ஆனா அவங்க தந்தது முழுப் புத்தகம். நாங்க திருப்பிக் கொடுக்கிறது இது. பிழையான எடம் எங்க எண்டு கேப்பாங்க. முதல்ல வாசிச்சது யார் எண்டும் கேப்பாங்க. வாசிச்ச வரிசை கூட்டக் குறிப்பில ஈக்கு.”

தலைகள் நின்றன.

“அதால மூணு வழிதான் ஈக்கு. ஒண்டு, அந்தத் தாள்கள் யார்கிட்டயாவது இருந்தா இப்ப தரலாம். யார் தந்தது எண்டு எழுதி ஃபைல்ல சேர்த்திருவன்.”

மூவரும் டீ வருகிறதா என்று படிக்கட்டைப் பார்த்தார்கள்.

“ரெண்டாவது, நினைவில ஈக்கிறத எழுதித் தரலாம். முதலாளிக்கு நாலாவது வரி கூட நினைவிருக்கே. எழுதி, கீழ கையெழுத்து.”

“கையெழுத்தா?” என்றார்கள் மூவரும்.

“மூணாவது, இப்ப புத்தகத்தில என்ன ஈக்கோ, அதுக்கு மட்டும் கருத்துச் சொல்லலாம்.”

“மூணாவதுதான் சரி!” என்றார் முதலாளி. “நியாயமான வழி.”

“விஞ்ஞானபூர்வமான வழிங்க,” என்றார் நல்லையா. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்தார். தாளை மடிப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

இப்படியாக, தமிழிலக்கிய விமர்சன வரலாற்றில் இடம்பெற வேண்டிய அந்தக் கருத்துரை பிறந்தது:

‘நூலை முழுமையாகப் பரிசீலித்தோம். ஆட்சேபணைக்குரிய இடம் எதுவும் அதில் இல்லை. கொச்சிக்காய்: பூச்சியம். வெங்காயம்: பூச்சியம். தகப்பனார் ஒருவர் இறக்கிறார், காரணம் தெரியவில்லை. பிள்ளை ஒன்று பிறக்கிறது, அதற்கும் காரணம் தெரியவில்லை. எல்லா வயதினரும் அச்சமின்றி வாசிக்கலாம்.’

நால்வரும் கையெழுத்திட்டார்கள். டீ வந்தது. முதலாளி சட்டைப் பையில் டீ சிந்திவிடாமல் வெகு கவனமாகக் குடித்தார்.

மறுநாள் காலை, புத்தகத்தைக் கடித உறையில் போடும் முன் றஷீதா ஒருமுறை நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்தார். கல்வி அதிகாரியும் ஒரு மனிதர்தானே என்று தோன்றியது. அவருக்கும் வீட்டில் மனைவி இருப்பாள். தேவையில்லாத யோசனைகள் வரும். பசையோரமாகப் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்துவிட்டது. அறிவியல் வளர்ச்சி ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை.

அந்த வாரமே ஃபைல் மூடப்பட்டது. பரிசுத்தமான நாவல் என்று அதிகாரி மகிழ்ந்து, பாடசாலை நூலகங்களுக்குச் சிபாரிசு செய்யப்போவதாகவும் சொன்னார். மாலையில் விஜயலெட்சுமி அழைத்தார்.

“மிஸ், நன்றிங்க. நான் லுணுகலையிலேயே இருக்கேன். பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க.” “ஆனா ஒண்ணு கேக்கலாங்களா? கொச்சிக்காய் பூச்சியம்னு போட்டிருக்கீங்க. சரி, அது நல்லதுக்குத்தான். வெங்காயமுமா பூச்சியம்? ஒண்ணுகூடவா இல்லைங்க?”

“டீச்சர், தாளையெல்லாம் அவங்களே கழட்டி எடுத்துட்டாங்க. அந்தப் பூச்சியம்தான் உங்கள காப்பாத்திச்சு.”

“வெளங்குதுங்க. ஆனாலும் மனசு கேக்கல. அஞ்சு வெங்காயத்தோட மொனராகலைக்கே போயிருக்கலாம் போல இருக்கு.” பிறகு கேட்டார். “எல்லாத் தாளையும் எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே. அந்த வெந்நீர் வைக்கிற எடத்தையும் எடுத்துட்டாங்களா?”

“இல்ல டீச்சர். அதை ஒருத்தரும் எடுக்கல.”

“ஒருத்தருமா?” குரல் இறங்கிவிட்டது. “நாவல்லயே நான் திரும்பத் திரும்ப எழுதின எடம் அதுதாங்க. மத்ததெல்லாம் ஒரே மூச்சுல எழுதிட்டேன். யாருமே எழுதாததா பாத்து எழுதுவோம்னுதான் அதை எழுதினேன்.”

“நான் எடுத்துக்கிட்டன்,” என்றார் றஷீதா.

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. “எத்தனை கொச்சிக்காய்ங்க?”

“எண்ணல்ல டீச்சர். தண்ணிதான் குடிச்சன்.”

போனை வைத்த கையோடு றஷீதா ஒரு முடிவுக்கு வந்தார். இலக்கியம் வாழ்க்கையை மாற்றும் என்று வட்டத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலாளி பேசி வருகிறார். மாற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் என்ன? றினாஸ் கடையிலிருந்து வந்து கதிரையில் இருந்ததும், அவர் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி மேசையில் கவிழ்த்துவிட்டு, அந்தத் தாளை அவர் கையில் வைத்தார்.

“வாசிங்க.”

றினாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நிதானமாக, ஒரு வரி விடாமல், முன்பக்கமும் பின்பக்கமும் வாசித்தார். புருவம் ஒருமுறை உயர்ந்தது.

“பாவம் இந்தப் பொடியன்,” என்றார் றினாஸ். “எங்கட கடையில தண்ணி சுட வைக்கிற கெய்ஸர் ஒண்டு எடுத்திருந்தா, இவனுக்கு இந்த வெந்நீர்க் கரைச்சலே இல்ல.”

தாளை வாங்கிய மாதிரியே திருப்பிக் கொடுத்துவிட்டு, போனை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் ஊர் ஆண்களின் ஒழுக்கத்தைப் பற்றி இனி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நாவலிலேயே மிகச் சூடான தாள் அது. நான்கு ஆண்களின் கைக்குப் போய் வந்துவிட்டது. இன்னும் அதில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை.